கப் ஆடாமல் நிற்க

எங்கள் மகளின் தொடையில் சூடான டீ கொட்டியது ஒரு சனிக்கிழமைக் காலை. சிங்கப்பூரில், தேக்கா பக்கம் திரும்பும் சிக்னல் அருகே. அவளுக்கு அப்போது ஏழு வயது. தமிழ் டியூஷனுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தோம்.

கார் என் கணவருடையது அல்ல. கிடங்கு வேலை போன பிறகு அவர் வாடகைக்கு எடுத்து, ஆப் வழியாகச் சவாரி ஓட்டிய கார். அன்று அவருடைய தங்கை வீட்டில் இறக்க வேண்டிய மைக்ரோவேவ் பெட்டி பின்சீட்டில் ஒரு பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் மகள், உயரம் கூட்டும் குழந்தை இருக்கையில். நடுவில் மடக்கி இறக்கும் கைத்தாங்கி, அதில் இரண்டு கப் ஹோல்டர். நான் முன்னால் உட்கார்ந்தேன். வேறு இடமில்லை.

செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் காகிதக் கப்பில் டீ வாங்கிக்கொண்டு வந்தார். முன்பக்க ஹோல்டரில் சார்ஜர் வயரும் கைகழுவும் ஜெல்லும் சில்லறையும் நிரம்பியிருந்தன. பின்கதவைத் திறந்து மகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தக் குழி பெரிய பாட்டிலுக்கு ஏற்ற அகலம். கப்போ அடியில் சிறுத்தது. வைத்த உடனே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"அங்க வைக்காதீங்க, ஆடுது. என் கையில கொடுங்க" என்றேன்.

"ஒண்ணும் ஆகாது லா. கை சுட்டுக்கப் போற. டியூஷன் வாசல்ல நிறுத்திக் குடிச்சிக்கிறேன்" என்றார்.

சிக்னல் மாறப் போகும் நேரத்தில் கடந்துவிடலாம் என்று வேகமெடுத்தவர், முடியாது என்று தெரிந்ததும் அழுத்தி பிரேக் போட்டார். மகள் கத்தினாள். அந்தச் சத்தத்தை எழுத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது கப் அவள் மடியில் கிடந்தது. மூடி எங்கேயோ போயிருந்தது. நான் இருக்கைகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து, அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி அவள் பாவாடைமேல் ஊற்றினேன். பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம் பெண். காயத்தைச் சுத்தம் செய்துகொண்டே, குழந்தையோடு யார் இருந்தது, எப்படி நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் மனதுக்குள் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தேன். கப், ஹோல்டர், அகலம், பிரேக். ஆங்கிலம் எனக்கு எழுத வரும், பேச மெதுவாகத்தான் வரும். அதற்குள் என் கணவர் சொல்லிவிட்டார்: நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், மனைவிதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டாக்டர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காயத்துக்குத் திரும்பிக்கொண்டாள்.

அது பயத்தில் வாயில் வந்த பேச்சு என்று அன்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மாமியார் பார்க்க வந்தார். கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமேம்மா" என்று என்னிடம்தான் சொன்னார். நாத்தனாரும் அதையே சொன்னாள். அவளுடைய மைக்ரோவேவ் இன்னும் எங்கள் காரில்தான் இருந்தது. என் கணவர் சோபாவில் உட்கார்ந்து போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். 

காயம் ஆறி மகள் மறுபடி பள்ளிக்குப் போக ஆரம்பித்த வாரத்தில், காரின் பின்கதவைத் திறந்தேன். அதே குழியில் அதே மாதிரி காகிதக் கப். பாதி டீ மிச்சம். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

 கப்பை எடுத்துக் கீழே ஊற்றிவிட்டு, மேலே வீட்டுக்கு வந்து, மகளின் ஃபோம் விளையாட்டுப் பாயிலிருந்து ஒரு சதுரத்தைக் கழற்றி, கத்திரிக்கோலை எடுத்தேன்.

என்னைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் முடித்து, கல்யாணம் ஆகும்வரை ஒரு ரப்பர் பட்டறையில் டிராயிங் போட்டவள் நான். மோட்டார் பம்புகளுக்குள் தண்ணீர் கசியாமல் இருக்க ஒரு ரப்பர் சீல் இருக்கும். அதன் உள்விளிம்பு மெல்லிய உதடு மாதிரி வளைந்து சுழலும் தண்டைக் கவ்விப் பிடிக்கும். எந்தப் பக்கம் சாய்க்கிறோம், எவ்வளவு மெல்லியதாக விடுகிறோம் என்பதுதான் வேலையே. சிங்கப்பூர் வந்த பிறகு அந்தப் படிப்புக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. சிராங்கூன் ரோட்டில் ஒரு பல்சரக்குக் கடையின் மாடி ஆபீஸில் இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். கீழே பெருங்காயமும் ஊதுபத்தியும் மணக்கும். மேலே நாள் முழுக்க ஏசிக் குளிர். ஊரிலிருந்து கொண்டுவந்த வெர்னியர் அளவுகோல் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அதை வெளியே எடுத்தேன்.

பாயை வெட்டிச் செய்த முதல் வளையம் குழிக்குள் போனது, கப்பும் அதற்குள் நின்றது. கப்பை எடுத்தால் வளையமும் கூடவே வந்தது. அந்த நொடியில் கப் இன்னும் மோசமாக ஆடியது. இறுக்கிச் செய்தால் கப் உள்ளே போகாமல் காகிதம் நசுங்கியது. தளர்த்தினால் பழைய கதை.

வேலை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போவேன். அங்கே த்ரீ-டி பிரிண்டர் வைத்திருந்தார்கள். அவள் கதைப் புத்தகம் படிப்பாள். நான் கம்ப்யூட்டரில் வரைவேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு வட்டத்தை வரைந்து அதற்கு அளவு போட்டேன். வார்ப்பு அச்சை அந்தப் பிரிண்டரில் எடுத்து, வீட்டுக்கு வந்து, இரண்டு டப்பாவாக வரும் சிலிக்கோன் ரப்பரைக் கலந்து ஊற்றுவேன். காற்றுக் குமிழி வெளியேற அச்சைச் சமையல் மேடைமேல் தட்டிக்கொண்டே இருப்பேன்.

"கோயம்புத்தூர் எஞ்சினியர் அம்மா, சோறு எப்போ?" என்பார் என் கணவர். அவர் நண்பர்களுக்குப் போன் போட்டு, "என் வைஃப் கேக் அடிக்கிறா, ஆனா திங்க முடியாது" என்று சிரிப்பார். நான் அச்சைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

கடைசியில் வழி கிடைத்தது. வளையத்தின் வெளிப்புறத்தில் சுற்றிலும் சிறு சிறு செதில்கள் வைத்தேன். ஒவ்வொன்றின் நுனியும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். வளையத்தைக் குழிக்குள் அழுத்தும்போது செதில்கள் மடங்கி வழிவிடும். மேலே இழுத்தால் நுனி சுவரில் ஊன்றிக்கொண்டு விரியும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பிடிக்கும். உள்பக்கம் கப்பைத் தாங்கும் பட்டைகளை மட்டும் மிக மெல்லியதாக, நேராக விட்டேன். கப் சுலபமாக வரும், வளையம் இடத்திலேயே நிற்கும். குழி சற்று அகலமோ சற்றுக் குறுகலோ ஆனால், செதில் தானாகச் சரிசெய்துகொள்ளும்.

அதைப் பின்சீட்டில் பொருத்தி, கப்பில் தண்ணீர் நிரப்பி வைத்து, "இப்போ பிரேக் போடுங்க" என்றேன். கார் நிறுத்துமிடத்திலேயே வேகமெடுத்து நிறுத்தினார். மூடி இல்லாத கப்பிலிருந்து தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. கப் அசையவில்லை. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நாட் பேட்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அன்று அது போதுமானதாக இருந்தது. இப்போது நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது.

சவாரிக்கு ஏறியவர்கள் அதைக் கவனித்தார்கள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். கோப்பிக் கடையில் கூடும் மற்ற டிரைவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். நான் வெர்னியரோடு கீழே போய் ஒவ்வொரு காரின் குழியையும் அளந்தேன். அதன்பின் என் கணவர் கேலியை நிறுத்தினார். சிலிக்கோன் டப்பாவை அவரே வாங்கி வந்தார். "நம்ம பிராடக்ட்" என்றார் முதலில். கொஞ்ச நாளில், பயணிகளோடு பேசும்போது "என் பிராடக்ட்" என்றார். ஆபீஸில் இறக்கிவிட என்னையும் ஏற்றிக்கொண்ட நாளில், நான் முன்சீட்டில் இருக்கும்போதே சொன்னார். பயணிக்கு முன்னால் எதற்குத் தகராறு என்று விட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "பேச்சுக்குச் சொல்றது லா. நாம என்ன வேற வேறயா?" என்றார்.

அடுத்த வருடம் எங்கள் வட்டாரத்தில் புதிய கண்டுபிடிப்புகளுக்கு ஒரு போட்டி நடத்தினார்கள். நீ பேசு என்று யாரும் சொல்லவில்லை. நான் பேசுகிறேனே என்று நானாகத்தான் கேட்டேன்.

"உன் இங்கிலீஷுக்கு அவங்க உட்கார்ந்து கேட்க மாட்டாங்க. கேள்வி கேட்டா திணறுவ. நான் பார்த்துக்கிறேன்" என்றார். பிறகு, "ஸ்லைடு எல்லாம் நீ செய். படம் நீ நல்லாப் போடுவ" என்றார்.

செய்தேன். படங்கள், அளவுகள், நான்கு வகைக் காருக்கு மாதிரிகள் எல்லாம் என் கையால் தயாரானவை. போட்டி அன்று காலையில் மகளுக்கு நான் எடுத்து வைத்த சுடிதாரை அவர் மாற்றச் சொன்னார். "ஹால்ல சூடா இருக்கும், ஷார்ட்ஸ் போடட்டும்." ஹாலில் ஏசி இருந்தது. அது எனக்குத் தெரியும். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மேடையில் அவர் நன்றாகவே பேசினார். குரல் ஏற்ற இறக்கத்தோடு, தேவையான இடத்தில் நிறுத்தி. ஒரு சனிக்கிழமைக் காலை என்று ஆரம்பித்தார். "நான் கவனமாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று மகளின் அலறல். அன்று ஒரு தந்தையாக நான் முடிவெடுத்தேன், இனி எந்தக் குழந்தைக்கும் இப்படி நடக்கக் கூடாது என்று."

போன். நான் அன்று போனைக் கையில்கூட எடுக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுற்றி இருந்தவர்கள் ஐயோ என்று உச்சுக் கொட்டினார்கள். என் பக்கத்து நாற்காலிச் சீனப் பெண்மணி நான்தான் அந்த மனைவி என்று தெரியாமலேயே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

நடுவர்களில் ஒருவர் வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். வெளிச் செதில்கள் ஏன் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன, நேராக இருந்தால் என்ன என்று கேட்டார். என் கணவர் சிரித்தார். பார்க்க அழகாக இருக்க வேண்டும் அல்லவா, மக்கள் டிசைனைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்றார். நடுவரின் முகத்தில் ஆர்வம் வற்றுவதைப் பார்த்தேன்.

நான் எழுந்தேன். யார் என்னை எழுப்பியது என்று தெரியாது. உடைந்த ஆங்கிலத்தில், சத்தமாக, அழகுக்காக அல்ல, உள்ளே தள்ளும்போது மடங்க வேண்டும், வெளியே இழுக்கும்போது விரிய வேண்டும், பம்ப் சீலின் உதடு மாதிரி என்று கைவிரல்களை மடக்கியும் விரித்தும் காட்டினேன். திணறவில்லை. நடுவர் வளையத்தை மேசையில் இருந்த கிளாஸுக்குள் அழுத்தி இழுத்துப் பார்த்துவிட்டு, "பியூட்டிஃபுல்" என்றார்.

"என் வைஃப்" என்றார் என் கணவர் மைக்கில். "எல்லாம் நான் ட்ரெயின் பண்ணினது."

ஹால் முழுக்கச் சிரித்தது. கை தட்டினார்கள். நல்ல ஜோடி என்று யாரோ சொன்னார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் ஒப்புக்கொண்டது போலாகும், பேசினால் புருஷனின் நகைச்சுவை புரியாதவள் ஆவேன்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. மகளை மேடைக்கு அழைத்தார். அவள் போனாள், அப்பா கூப்பிட்டால் போகும் வயது. "காட்டும்மா" என்றார். அவளுக்கு என்ன காட்டச் சொல்கிறார் என்று புரியவில்லை. அவரே குனிந்து ஷார்ட்ஸின் ஓரத்தை விரலால் உயர்த்தினார். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தழும்பு பளபளத்தது. மகள் இரண்டு கையாலும் துணியைக் கீழே இழுத்தாள். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

நான் மேடைக்குப் போய் அவள் கையைப் பிடித்து இறக்கி, நேராக வாசலுக்கு நடந்தேன். பின்னால், "எமோஷனல் ஆயிட்டாங்க" என்று என் கணவர் எல்லோருக்கும் விளக்கம் சொல்வது கேட்டது. எல்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போனோம். மகள் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டாள்.

பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. கேடயத்தோடு வந்தவர், நான் முகம் கொடுக்காததைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். உண்மையாகவே ஆச்சரியம், நடிப்பில்லை. "அந்தக் கேள்விக்கு நீ எழுந்து சொன்னதுதான் ஜெயிக்க வச்சது. அப்புறம் என்ன?"

"நான் போன் பேசிக்கிட்டிருந்தேனா?" என்றேன்.

"அது ஒரு ஸ்டோரி. ஸ்டோரி இல்லாட்டி யாரு கேட்பா?"

அதன்பின் அவரும் நாத்தனாரின் கணவரும் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார்கள். வடிவமைப்பைப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது, வடிவமைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும். நான் கேட்டேன். என் பெயரையும் போட்டால் வேலை இழுக்கும், எல்லாம் குடும்பத்துக்குத்தானே என்றார். மாமியாரிடம் சொன்னேன். "புருஷன் பேருல இருந்தா என்னம்மா, நீ போட்டி போடற ஆளா?" என்றார். அந்த வருடமே நான் மகளோடு தனி அறைக்கு மாறினேன். ஒரே வீட்டில்தான். கதவைச் சாத்திக்கொண்டோம். பிறகு அவர் கம்பெனி வேலையைக் காரணம் சொல்லித் தன் அம்மா வீட்டுக்குப் போனார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

வளையத்தைச் செய்து தரும் தொழிற்சாலைக்காரர்கள் அச்சு செய்வது சுலபமாகும் என்று செதில்களை நேராக்கச் சொல்லியிருக்கிறார்கள். அழகுக்காக வைத்தது என்று நம்பியவர் சரி என்று சொல்லியிருக்கிறார். பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய வளையங்கள் ஒவ்வொன்றும் கப்போடு எழுந்து வந்தன. வாங்கியவர்கள் திட்டி எழுதினார்கள். ஒருநாள் மாலை அவர் என் ஆபீஸ் படியேறி வந்தார். கீழே கடையில் கூட்டம். அவர் மூச்சு வாங்க நின்று, பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"எல்லாம் அதே அளவுதான். ஏன் நிக்க மாட்டேங்குது?"

கையில் எடுக்கத் தேவையே இல்லை, பார்த்ததும் தெரிந்தது. செதில்கள் நேராக இருந்தன. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அன்று ஹாலில் அத்தனை பேர் முன்னால் சொன்னதுதான். மேடையில் நின்றவர் காதில் அது விழவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"நீங்கதானே என்னை ட்ரெயின் பண்ணீங்க" என்றேன். "நீங்களே பாருங்க."

அவர் வளையத்தை எடுத்துப் பையில் போட்டார். "இவ்வளவு வஞ்சம் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கம்பெனி அதன்பின் அதிக நாள் நிற்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வேலை செய்யாத வடிவத்தில் கிடங்கில் கிடந்து தூசி படிந்ததும் என்னுடையதுதான். என் மாமியார் வீட்டில், நல்ல நிலைக்கு வந்திருக்க வேண்டிய மனிதனை மனைவி கவிழ்த்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எனக்கும் வந்து சேர்ந்தது, சேர வேண்டும் என்றுதான் பேசினார்கள்.

இப்போது மகளுக்குப் பதினான்கு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவாள். நான் தடுத்ததில்லை. போன மாதம் அப்படி வந்தவள், சாப்பிட்டுக்கொண்டே, பெரிய விஷயமில்லாத குரலில் கேட்டாள்.

"மா, அன்னிக்கு யாருகூட போன் பேசிக்கிட்டிருந்த?"

"என்னைக்கு?"

"டீ கொட்டின அன்னிக்கு."

நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, முதலிலிருந்து சொன்னேன். மைக்ரோவேவ் பெட்டி, முன்சீட், ஆடுது என்று நான் சொன்னது, அவர் பதில், சிக்னல், பிரேக். போனே இல்லை என்றேன். "உனக்கு ஞாபகம் இல்லையா? நீ பார்த்தியே, நான் திரும்பி உன் பாட்டிலை எடுத்து ஊத்தினேனே?"

அவள் யோசித்தாள். நேர்மையாகத்தான் யோசித்தாள், அது எனக்குத் தெரிந்தது.

"எனக்கு நீ போன் பேசிக்கிட்டிருந்த மாதிரிதான் ஞாபகம் இருக்கு மா" என்றாள். "பேசிக்கிட்டே சிரிச்ச. அப்புறம் டீ கொட்டிச்சு."

அவள் பொய் சொல்லவில்லை. மேடையில், பாட்டி வீட்டில், அத்தை வீட்டில், கார் பயணங்களில் கேட்டுக் கேட்டு அவள் மனதுக்குள் அது படமாகவே பதிந்துவிட்டது. அதில் நான் சிரிக்கக்கூடச் செய்கிறேன்.

"அப்படி நடக்கல" என்றேன்.

"ஓகே மா, ஓகே. யாரா இருந்தா என்ன, பழைய கதை லா. நான் ஒண்ணும் உன்மேல கோவமா இல்ல" என்றாள்.

என்னை மன்னிக்கிறாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, போகிற போக்கில் என் தோளைத் தட்டிவிட்டு, அறைக்குப் போய்ப் படிக்க உட்கார்ந்தாள்.